எருமைக்கு எந்தக் குண்டு? பெரிய ரைஃபிள் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

லிம்போபோ கணக்குப்பிள்ளை:

தென்னாப்பிரிக்காவில் லிம்போபோ பக்கம் ஒரு வேட்டைப் பண்ணையில் கணக்கு எழுதுகிறேன். ஆள் குறைந்த நாளில் நானும் வண்டியில் ஏறிவிடுவேன். குண்டின் யோக்கியதை தோலுரிக்கும் கொட்டகையில்தான் தெரியும் என்பது என் கட்சி. பெட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் அப்புறம்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு விருந்தாளி .375 ஹெச் அண்ட் ஹெச் ரைஃபிள் கொண்டுவந்தார். 1912-இல் வந்த தோட்டா அது. 300 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டை நொடிக்குச் சுமார் 2500 அடி வேகத்தில் தள்ளும். கேப் எருமைக்கு, அதாவது ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கு, தாராளமாகப் போதும். ஆனால் அவர் போட்டிருந்தது மான் வகைகளுக்கு ஏற்ற மெல்லிய உறைக் குண்டு. அடி தோள்பட்டையில் சரியாகத்தான் விழுந்தது. எருமை ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு முட்புதருக்குள் போய்விட்டது.

எங்கள் வேட்டை வழிகாட்டி அவசரப்படவில்லை. அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் தடம் பிடித்தார். இலைகளில் ரத்தம் சொட்டுச் சொட்டாக இருந்தது, நுரை இல்லை. நுரை இல்லையென்றால் நுரையீரல் அடிபடவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் அவர் விருந்தாளியைப் பின்னால் போகச் சொல்லிவிட்டார். புதருக்குள் இருபது அடி தூரத்தில், மூக்கைத் தூக்கி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. வழிகாட்டியின் .458 ரைஃபிள் இரண்டு தடவை வெடித்தது, எருமை விழுந்தது.

கொட்டகையில் தோளைத் திறந்தோம். எலும்பின் மேல் ஒரு கை அகலத்துக்குச் சதை கூழாகிக் கிடந்தது. ஈயத் துணுக்குகள் விரலில் நறநறத்தன. செம்பு உறை இரண்டாகக் கிழிந்து எலும்பிலேயே ஒட்டியிருந்தது. விலாவுக்கு உள்ளே ஒன்றும் போகவில்லை.

அதே வாரம், அதே .375, அதே 300 கிரெய்னில் இன்னொருவர் சுட்டார். அவருடையது ஈயமும் உறையும் பிரியாதபடி ஒட்டவைத்த பாண்டட் குண்டு. அது தோளெலும்பை உடைத்து, இரண்டு நுரையீரலையும் கடந்து, மறுபக்கத் தோலடியில் முண்டாகத் தட்டுப்பட்டது. கத்தியால் கீறி எடுத்தால் குடைக்காளான் மாதிரி விரிந்திருந்தது. வெடிமருந்து நிறுக்கும் தராசில் வைத்தேன். 285 கிரெய்ன்.

இந்தக் கோளாறு ஒன்றும் புதிதில்லை. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானின் தோளில் குண்டு சிதறிப்போன கடுப்பில்தான் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி கட்டுக்கோப்பாக உள்ளே போகும். இப்போது ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டும் வந்துவிட்டது.

லுசாக்கா மாமா:

தம்பி சொல்வது சரி, ஆனால் பாதிதான். சிதறும் குண்டுக்குப் பயந்து, விரியாத கெட்டிக் குண்டான சாலிடை மட்டும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே ஜாம்பியாவில் நான் கூடப் போன ஒரு வேட்டையில் அப்படித்தான் ஆனது. .416 ரிக்பி, 400 கிரெய்ன் சாலிட். எருமைக் காளை தனியாக நிற்பது போலத் தெரிந்தது. குண்டு அதைத் துளைத்து வெளியேறி, பின்னால் புல்லுக்குள் நின்ற ஒரு எருமைப் பசுவின் வயிற்றில் பாய்ந்துவிட்டது. காளை நூறு அடிக்குள் சாய்ந்தது. பசுவைத் தேடி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அனுமதிச் சீட்டில் இருந்ததோ ஒரே ஒரு காளை.

அதனால்தான் அனுபவஸ்தர்கள் பலரும் முதல் தோட்டா சாஃப்ட் (விரியும் குண்டு), மகஸினில் அதற்கு அடியில் இருப்பதெல்லாம் சாலிட் என்று அடுக்குகிறார்கள். முதல் குண்டு உடம்புக்குள் விரிந்து தங்க வேண்டும். அடிபட்டு ஓடும் எருமையைப் பின்னாலிருந்து சுட வேண்டிவந்தால், சாணம் திணிந்த வயிற்றைத் தாண்டி நெஞ்சு வரை போக சாலிட்தான் வேண்டும்.

யானை விஷயம் வேறு. மண்டை முழுக்க தேன்கூடு போல அறை அறையான எலும்பு, மூளையோ ரொம்பப் பின்னால், கீழே. அங்கே விரியும் குண்டு ஆகவே ஆகாது. அந்தக் காலத்து யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டார், அதில் பெரும்பகுதி 7 மில்லிமீட்டர் மவுசர்தான் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உண்மைதான். அவர் போட்டதும் முழு உறை போட்ட நீளமான 173 கிரெய்ன் குண்டு. யானை மண்டையை அறுத்தே பார்த்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர் அவர். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் அவர் பெயரைச் சொல்லக் கூடாது.

பழைய பித்தளை:

குண்டு மட்டும் போதாது மாமா, வேகமும் வேண்டும். .458 வின்செஸ்டர் 1956-இல் வந்தபோது தோட்டாவின் குட்டைக் கூட்டுக்குள் வெடிமருந்தை அமுக்கித் திணித்தார்கள். நாள்பட்டால் சில தோட்டாக்களில் மருந்து கட்டிதட்டிப்போனது. 500 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2000 அடி வேகத்தைக்கூடத் தொடவில்லை. மொசாம்பிக்கில் எருமையிடம் மிதிபட்ட ஜாக் லாட் என்ற வேட்டைக்காரர், பிற்பாடு நீளக் கூடு வைத்து .458 லாட் தோட்டாவை உருவாக்கியது இந்தக் குறையால்தான். இன்றைய மருந்தில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. தட்டை மூக்கு சாலிட் உருண்டை மூக்கைவிட நேராகப் போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சில ரைஃபிள்களில் அந்தத் தட்டை விளிம்பு தோட்டா ஏறும் அறையின் வாயில் இடித்து நின்றுவிடும். என் நண்பர் ஒருவரின் .416-இல் மூன்றாவது தோட்டா எப்போதும் சிக்கும். சுடுதளத்தில் அது சிரிப்பு, எருமை முன்னால் அப்படியில்லை. மகஸினை நிரப்பி, வேகமாக போல்ட்டை இழுத்து, எல்லாம் ஏறுகிறதா பாருங்கள். மெதுவாக இழுத்தால் சிக்கல் தெரியாது.

லிம்போபோ கணக்குப்பிள்ளை:

அண்ணா, தாத்தா காலத்து இரட்டைக் குழல் .470 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் முழுப் பித்தளை சாலிட் போடலாமா? இங்கே ஒருவர் கேட்கிறார்.

பழைய பித்தளை:

மெல்லிய பழைய குழல் என்றால் நான் போட மாட்டேன். உலோகம் கெட்டி, குழலின் வரிப்பள்ளத்தில் அமுங்காது, குழலுக்குத்தான் அழுத்தம். குண்டின் உடம்பில் வளையம் வளையமாக வெட்டிய வகை கொஞ்சம் பரவாயில்லை. எதுவானாலும் முதலில் நல்ல துப்பாக்கி ஆசாரியிடம் குழலின் உள்விட்டத்தை அளந்து வாங்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு குழலும் அந்தக் குண்டை ஒரே இடத்தில் போடுகிறதா என்று காகிதத்தில் சுட்டுப் பார்க்கட்டும். எடை மாறினாலே இரட்டைக் குழல் ஆளுக்கொரு திசையில் போகும்.