ஸ்மாஷ் ஹிட்ஸை மூடியது இன்ஸ்டாகிராமா?

பழையபேப்பர்: நேற்று இங்கே ஒருவர், "இன்ஸ்டாகிராம் வந்துதான் டீன் பத்திரிகைகள் எல்லாம் செத்தன" என்று எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சலாக வந்தது. பிரிட்டனின் பாப் இசைப் பத்திரிகை ஸ்மாஷ் ஹிட்ஸ் நின்றது 2006 பிப்ரவரியில். இன்ஸ்டாகிராம் வந்தது 2010 அக்டோபரில். பிறக்காத பிள்ளை மீது கொலைப்பழியா?

கடற்கரைவாசி: எழுதியது நான்தான். பொதுவாக இணையத்தைச் சொன்னேன். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2003-லேயே வந்துவிட்டது. பாடகரின் பக்கத்துக்கே நேராகப் போக முடிந்த பிறகு, இதழோடு வரும் போஸ்டருக்காக யார் காசு கொடுப்பார்கள்?

பழையபேப்பர்: மைஸ்பேஸ் என்று நீங்கள் எழுதவில்லை. இன்ஸ்டாகிராம் என்றுதான் எழுதினீர்கள். 2006, 2010. கழித்துப் பாருங்கள்.

மணிமாலா: அமெரிக்காவை ஏன் விட்டுவிட்டீர்கள்? அங்கே ஒய்எம் என்ற டீன் பத்திரிகை 2004-ல் போனது. 1998-ல் தொடங்கிய டீன் பீப்பிள் 2006-லேயே அச்சை நிறுத்தியது. காஸ்மோகேர்ள் 2008. இந்த வகையைத் தொடங்கிவைத்த டைகர் பீட்டுக்கே 1965-தான் பிறந்த வருடம்.

பழையபேப்பர்: மூன்றுமே 2010-க்கு முன்னால். நன்றி அக்கா. ஆனால் டைகர் பீட் முதலாவது இல்லை. '16' என்ற பத்திரிகை 1957-லேயே வந்துவிட்டது. அதன் ஆசிரியர் குளோரியா ஸ்டேவர்ஸ், பள்ளிச் சிறுமிகள் கேட்க நினைப்பதையே நட்சத்திரங்களிடம் கேட்டார். மற்றவர்கள் அவரைப் பார்த்துச் செய்தவர்கள்.

மணிமாலா: என்னை அக்கா என்று கூப்பிட வேண்டாம். போன மாதம் கேசட் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் வகுப்பெடுத்தீர்கள்.

ஈஸ்ட்ஹாம்: நான் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்த புதிதில் ஸ்மாஷ் ஹிட்ஸ் வாங்கியது பாட்டு வரிகளுக்காக. காதில் பிடிபடாத ஆங்கிலம் அதில் அச்சில் கிடைத்தது. பெட் ஷாப் பாய்ஸ் இசைக்குழுவின் நீல் டென்னன்ட் அங்கே உதவி ஆசிரியராக இருந்தவர், தெரியுமா? அப்புறம் வரிகள் இணையத்தில் இலவசமாக வந்தன. டிவியில் நாள் முழுக்கப் பாட்டு. அந்தப் பெயரிலேயே ஒரு சேனலும் வந்தது. சரி, இதற்குமேல் என்ன காரணம் வேண்டும்?

கடற்கரைவாசி: இணையத்தில் இலவசம்! நான் சொன்னதும் அதுதானே?

பழையபேப்பர்: இல்லை. நீங்கள் சொன்னது இன்ஸ்டாகிராம். ஈஸ்ட்ஹாம் சொல்வது பாட்டு வரிகளும் டிவியும். அடுத்தவர் உழைப்பில் ஒண்டிக்கொள்ளாதீர்கள்.

ஈஸ்ட்ஹாம்: என்னை உங்கள் சண்டைக்குள் இழுக்காதீர்கள்.

கடற்கரைவாசி: தேதியைப் பிடித்துத் தொங்குவதுதான் உங்களுக்கு வேலை. ஜெர்மனியில் பிராவோ என்ற டீன் பத்திரிகை 1956-லிருந்து வருகிறது, இன்னும் அச்சில் இருக்கிறது. நட்சத்திரத்தின் ஆளுயரப் படத்தைத் துண்டு துண்டாக இதழோடு கொடுத்து, ஒட்டிச் சேர்க்க வைத்தவர்கள். அது செத்ததா?

பழையபேப்பர்: "எல்லாம் செத்தன" என்று நேற்று எழுதியது யார்?

மணிமாலா: 1957-க்கு ஆதாரமாக அட்டைப்படம் போடுங்கள், பிறகு பேசலாம்.

பழையபேப்பர்: போடுகிறேன். முதலில் அவர் 2010-க்குப் பதில் சொல்லட்டும்.