குரோவாசியாவின் வெலெபித் மலையடிக் கடற்சாலையில் புரா காற்றை மிதிவண்டியில் எதிர்கொண்டவர்கள் எழுதுங்கள்

கடலோடி:
சென் நகரிலிருந்து கார்லோபாக் வரை மகிஸ்திராலா எனும் கடற்கரை நெடுஞ்சாலையில் தெற்கே ஓட்டியவர்களுக்கு அந்தச் சாலையை நான் விவரிக்கத் தேவையில்லை. ஸ்வெத்தி யூராய் ஊரைத் தாண்டியபோது நல்ல வெயில். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. வெலெபித் முகட்டின்மேல் மட்டும் ஒரு வெண்மேகப் பட்டை படிந்திருந்தது. பாறையின் மறைவில் சென்றவரை காற்றே தெரியவில்லை. ஓடைப்பள்ளம் ஒன்று கடலுக்கு இறங்கும் வளைவை அடைந்ததும், இடப்பக்கத்திலிருந்து வந்த ஒரே வீச்சு, பைகள் ஏற்றிய வண்டியை என்னோடு சேர்த்துச் சாலையோர இரும்புத் தடுப்பின்மேல் சாய்த்தது. ஒரு கையால் தடுப்பையும் மறு கையால் வண்டியையும் பற்றிக்கொண்டு, குந்திய நிலையில் கீழே பார்த்தேன். கரையை ஒட்டிய தண்ணீர் அலையின்றிக் கிடக்க, சற்றுத் தள்ளிக் காற்று கடலின் மேற்பரப்பைச் சுரண்டியெடுத்துப் புகைபோலக் கோலி ஓட்டோக் தீவின் பக்கமாக விரட்டிக்கொண்டிருந்தது. அந்த வெண்புகை இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

வடக்குவழி:
உங்களைக் காப்பாற்றியது அந்தத் தடுப்பு. நான் கார்லோபாக்கிலிருந்து வடக்கே வந்தேன். சாலையின் வலப்புறம் செல்லும் நாட்டில் வடக்கே போகிறவர் மலையோரமாகப் போகிறார். அதே காற்று அவரைச் சாலையின் நடுவுக்குத் தள்ளுகிறது. எதிரே ஒரு லாரி வந்த நொடியில் நான் நடுக்கோட்டுக்கு அப்பால் இருந்தேனா இப்பால் இருந்தேனா என்பது எனக்கே தெரியாது. ஓட்டுநர் ஒலியெழுப்பியதுகூடக் காற்றில் கேட்கவில்லை, அவர் வாய் அசைந்ததை மட்டும் பார்த்தேன். ஆகவே, கடலோரமாகப் போவதே ஆபத்து என்று எவரும் முடிவுகட்டிவிட வேண்டாம்.

மலையடி:
திசையைப் பற்றிய வாதம் தேவையற்றது என்பது என் உறுதியான கருத்து. நான் கார்லோபாக் துறைமுகச் சுவரின் பின்னால் காத்திருந்தேன். என் அனுபவம் அவ்வளவே. ஆனால் இங்கே போகப்போகிறவர்கள் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். மலைக்குப் பின்னாலுள்ள லிகா மேட்டுநிலத்தில் தேங்கும் குளிர்காற்று, முகட்டைத் தாண்டிக் கடலை நோக்கிச் சரிந்து விழுவதே புரா. சென் நகருக்கு மேலே வ்ராத்னிக் கணவாய் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்திலேயே இருப்பதால், காற்று அந்த இடைவெளியில் நெருக்குண்டு பாய்கிறது. குளிர்காலத்தில்தான் கடுமை அதிகம் என்றாலும் கோடையிலும் அது வரும். முதலாமவர் கண்ட வெண்பட்டைதான் அதன் அடையாளம். அதைக் கண்டால் புறப்படாதீர்கள். மோட்டார் சைக்கிள்களுக்கும் கேரவன்களுக்கும் சாலை மூடப்பட்டதாக அறிவிப்பு வந்தால், மிதிவண்டிக்கும் மூடப்பட்டதாகவே கொள்ளுங்கள். பெரிய லாரி கடக்கும்போது காற்று ஒரு கணம் மறைந்து, அது போனதும் இரட்டிப்பாக அறையும். எனவே கைப்பிடியைத் தளர்த்தாதீர்கள். முடியாதபோது இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். எல்லாவற்றையும்விட, பிரிஸ்னாவில் படகேறிப் பாக் தீவு வழியாகத் தெற்கே போய்விடுவது நல்லது.

உப்புக்காற்று:
கடைசி யோசனையை மட்டும் ஏற்க இயலாது. புரா வலுக்கும்போது பிரிஸ்னாவிலிருந்து பாக் தீவின் ஜிக்லியென் துறைக்குப் போகும் படகு நிறுத்தப்படுவது வழக்கம். தேவைப்படும் நாளில்தான் அது கிடைக்காது. காற்று எழுவதற்குச் சற்று முன் நான் அக்கரை சேர்ந்துவிட்டேன். மலையைப் பார்த்திருக்கும் பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை. காற்று அள்ளிவரும் கடலுப்பு மரம் எதையும் வளர விடுவதில்லை. தீவிலுள்ள நொவால்யா ஊரை நோக்கி ஏறும்போது மூக்குக்கண்ணாடியில் உப்பு படிந்து சாலை மங்கியது. துடைக்க நின்ற இடத்தில், அடுக்குக்கல் சுவரின் மறைவில் ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருந்தன. நானும் வண்டியைக் கிடத்திவிட்டு, காற்று தணியும்வரை அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன்; அவை எழுந்து மேயத் தொடங்கிய பிறகே நான் வண்டியை நிமிர்த்தினேன்.