பழைய பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடியேறினவங்க இருக்கீங்களா? உங்க கதையைச் சொல்லுங்க

ஈரப்பலகை:

நானும் என் வீட்டுக்காரரும் 32 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒண்ணை வாங்கி, அதிலேயே குடியிருக்கலாம்னு சரி பண்ண ஆரம்பிச்சு இது நாலாவது வருஷம். வாங்கும்போது போட்ட கணக்கு ஒன்றரை வருஷம். படகு 1970-கள்ல கட்டினது. "அந்தக் காலத்து ஃபைபர் தடிமனா இருக்கும், உங்க பேரப்பிள்ளை காலம் வரைக்கும் தாங்கும்"னு பார்த்தவங்க எல்லாரும் சொன்னாங்க. அடிப்பகுதி தடிமன்தான், பொய் சொல்லல. மேல்தளத்தைப் பத்தி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கல.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். அந்தக் காலத்துப் படகு நிறையவற்றுல மேல்தளம் ஒரே கட்டி ஃபைபர் கிடையாது. மேல ஒரு ஃபைபர் தோல், கீழ ஒரு தோல், நடுவுல பால்சா மரம். எடையும் குறையும், மிதிச்சா விறைப்பாவும் இருக்கும். ஆனா கைப்பிடி, கயிறு கட்டுற கட்டை, கம்பத் தாங்கின்னு எத்தனையோ போல்ட்டு அந்த மரத்தைத் துளைச்சுக்கிட்டுத்தான் உள்ள இறங்குது. போல்ட்டைச் சுத்திப் பூசின பசை வெயில்ல காய்ஞ்சு விட்டுடுச்சுன்னா ஒவ்வொரு மழையும் உள்ள ஒரு சொட்டு. ரெண்டு பக்கமும் தோல் மூடியிருக்கு, வந்த தண்ணி வெளிய போக வழியே இல்ல.

இதெல்லாம் தெரியாம நாங்க முதல்ல உள்ளே வீடு மாதிரி ஆக்கினோம். என் பிடிவாதம்தான், ஒத்துக்கிறேன். மெத்தை தைச்சேன். அலமாரிக்கு அஞ்சு பூச்சு வார்னிஷ். தலைக்கு மேல வெள்ளைப் பலகை அடிச்சோம். ஆறு மாசம் போச்சு. ஒரு நாள் காலையில கண்ணைத் திறந்தா அந்த வெள்ளைப் பலகையில உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பா ஒரு கறை. "வார்னிஷ் சொட்டியிருக்கும், விடு"ன்னார் அவர். வார்னிஷ் மேல்நோக்கிச் சொட்டுமாங்க?

அன்னைக்கு மத்தியானம் ஸ்க்ரூடிரைவர் பிடியால மேல்தளத்தைத் தட்ட ஆரம்பிச்சோம். நல்லா இருக்கிற இடத்துல 'டக் டக்'குன்னு சுத்தமா கேக்கும். ஊறின இடத்துல 'தொம்'முன்னு அமுங்கிப் போகும். நான் தட்டுவேன், அவர் காது கொடுத்துக் கேட்டுச் சாக்பீஸால வட்டம் போடுவார். முதல்ல தனித்தனி வட்டம்தான். சாயங்காலம் பார்த்தா வட்டமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, பாய்மரத்தைச் சுத்தியும் இடது பக்கம் முழுக்கவும் ஒரே தீவு.

கிரைண்டர் வச்சு மேல் தோலை அறுத்துத் தூக்கினோம். உள்ள மரம்னு சொல்ல ஒண்ணும் இல்ல. மழையில நனைஞ்ச பழைய செய்தித்தாள் மாதிரி கறுப்பா ஒரு கூழ். ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சேன், தண்ணி முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. அவர் ஒண்ணும் பேசல. ஏணி இறங்கிப் போய், கீழ கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தார்.

அதோட முடியல. பாய்மரத்தைத் தாங்குற கம்பிக்கயிறுகளைப் படகோட உடம்புல பிணைக்கிற ஸ்டெயின்லெஸ் பட்டை இருக்கே, அது அந்த ஈர மரம் வழியாத்தான் கீழ இறங்குது. வெளிய தெரியிற பாகம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. கழட்டினா, மறைஞ்சிருந்த பாகத்துல குறுக்கே ஒரு விரிசல். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காம இருக்கிறதே காத்துல இருக்கிற ஆக்சிஜன் அது மேல கட்டுற மெல்லிய படலத்தால. காத்தே படாத ஈரத்துல அந்தப் படலம் நிக்காது. பாய்மரமே அந்தப் பட்டையை நம்பித்தான் நிக்குது, ஞாபகம் வச்சுக்கோங்க.

எபாக்ஸிக்கும் (ரெண்டு திரவத்தைக் கலந்தா கல்லு மாதிரி இறுகுற பசை) எங்களுக்கும் ஆன சண்டை தனிக்கதை. சிக்கனமா இருக்கட்டும்னு ஒரே டப்பாவுல ஒரு லிட்டர் கலந்தார். ஆழமான டப்பாவுல சூடு வெளிய போகாது, சூடு ஏற ஏற இன்னும் வேகமா இறுகும். பத்து நிமிஷத்துல டப்பா புகைய ஆரம்பிச்சுது. "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க"ன்னு நான் கத்த, அவர் அதைத் தூக்கிட்டு ஏணியில ஓட, கீழ வர்றதுக்குள்ள டப்பா உருகிக் கையில ஒட்டிக்கிச்சு. அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. இப்போ கொஞ்சமா கலந்து, கலந்த உடனே அகலத் தட்டுல ஊத்திடுறோம்.

இப்போ ஒரு போல்ட்டு மாட்டணும்னா கூட, முதல்ல ஓட்டையை ரெண்டு மடங்கு பெருசா துளைக்கிறோம். உள்ள இருக்கிற மரத்தைச் சுரண்டி எடுத்துட்டு எபாக்ஸி நிரப்புறோம். இறுகினதும் அதுக்கு நடுவுல சரியான அளவுக்குத் துளைக்கிறோம். பசை விட்டுப்போனாலும் தண்ணி எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. ஒரு போல்ட்டுக்கு ரெண்டு நாள் ஆகும்.

நீங்க எதைக் கண்டு முதல்ல பயந்தீங்க?

சுக்கான்பிடி:

எங்களுக்கு வால்வு. தண்ணிமட்டத்துக்குக் கீழ படகு உடம்புல துளை போட்டு, எஞ்சினுக்குக் கடல்தண்ணி எடுக்க, கழிவறைக்கு, சிங்க்குக்குன்னு வால்வு வச்சிருப்பாங்க. எங்க படகுல ஏழு. ஒண்ணு இறுகிப்போய் இருந்துச்சு. படகு மிதந்துக்கிட்டு இருக்கும்போதே நான் மேதாவி மாதிரி ஸ்பேனர் போட்டேன். கைப்பிடி அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. பார்த்தா வால்வே கழுத்தோட கையில வந்துடுச்சு.

பித்தளை வால்வு அது. கடல்தண்ணியில பித்தளையில இருக்கிற துத்தநாகம் மெல்ல மெல்லக் கரைஞ்சு போயிடும், மிச்சம் இருக்கிறது இளஞ்சிவப்பு நிறத்துல பஞ்சு மாதிரி ஒரு செம்பு. உருவம் மாறாது, பலம் மட்டும் போயிருக்கும். வெண்கலமா இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல. ஒன்றரை அங்குலத் துளை ரெண்டடி ஆழத்துல இருந்தா நிமிஷத்துக்கு 100 லிட்டருக்கு மேல உள்ள வரும். நான் உள்ளங்கையை வச்சு அழுத்திக்கிட்டுக் கத்துறேன். என் மனைவி எங்க இருந்து எடுத்தாளோ, கூம்பு மாதிரி ஒரு மரக்கட்டையைக் கொண்டாந்து "கையை எடுங்க"ன்னா. எடுத்தேன். சுத்தியலால ரெண்டே அடி. நின்னுடுச்சு.

படகை வித்த பெரியவர் விட்டுட்டுப் போன குப்பையில அந்தக் கட்டை கிடந்துச்சாம். "இது எதுக்குன்னு தெரியல, ஆனா வடிவத்தைப் பார்த்தா அடைக்கிறதுக்குத்தான் இருக்கும்னு எடுத்து வச்சேன்"னா. இப்போ ஒவ்வொரு வால்வு பக்கத்துலயும் அதோட அளவுக்கு ஒரு கட்டை கயிறுல தொங்குது.

கொட்டலசு:

குறுக்க ஒரு வார்த்தை. 70, 80-கள்ல கட்டின படகுன்னா அடிப்பகுதிப் பெயிண்ட்டை உலர்வாத் தேய்க்காதீங்க. படகு அடியில அப்பிக்கிற கொட்டலசுங்கிற ஓடுள்ள சின்ன உயிரி ஒட்டாம இருக்க அப்போ ட்ரைபியூட்டில் டின்ங்கிற விஷ ரசாயனம் கலந்த பெயிண்ட் அடிச்சாங்க. சங்கு, சிப்பி எல்லாத்தையும் கெடுத்துச்சுன்னு அதைத் தடுக்கிற சர்வதேச உடன்படிக்கை 2001-ல வந்து, 2008-ல நடைமுறைக்கு வந்துச்சு. பழைய பூச்சுகளுக்கு அடியில அது இன்னும் இருக்கலாம். நனைச்சுத் தேய்ங்க, நல்ல முகமூடி போடுங்க, தேய்ச்சு வர்ற கழிவைச் சேர்த்து அள்ளுங்க.

மரப்படகு:

ஃபைபர்காரங்களுக்குத் தண்ணி உள்ள வந்தா பயம். எங்களுக்கு வராட்டித்தான் சந்தேகம். எங்களது பலகைப் படகு, வாங்கும்போது கரையில மூணு வருஷமா காய்ஞ்சுகிட்டு இருந்துச்சு. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல கத்தி போகும். இடைவெளியெல்லாம் இறுக்கமா அடைச்சிடலாம்னு நான் கிளம்பினேன். கலப்பத்துப் பார்க்க, அதாவது பலகை இடைவெளியில திரி வச்சு அடைக்க வந்த ஓடாவி (படகு கட்டுற தச்சர்) கையைப் பிடிச்சுத் தடுத்தார். காய்ஞ்ச பலகை தண்ணி குடிச்சதும் ஊதும், இப்பவே கெட்டியா அடைச்சா அப்போ ஊத இடம் இல்லாம உள்சட்டத்தையே முறிச்சிடும்னார். பஞ்சுத் திரியை அளவாத்தான் வச்சார்.

கிரேன் பட்டையிலேயே தொங்கவிட்டுத் தண்ணியில இறக்கினோம். ராத்திரி முழுக்க அப்படியே. எல்லா மூட்டுலயும் கசிவு, ரெண்டு பம்ப்பும் நிக்காம ஓடுது. என் மனைவி படிக்கட்டுல உக்காந்து கடிகாரத்தைப் பார்த்து, பம்ப் நின்னு திரும்ப ஓடுற இடைவெளியை நோட்டுல எழுதிக்கிட்டே வந்தா. விடியும்போது நாலு நிமிஷம். மறுநாள் சாயங்காலம் இருபது. மூணாம் நாள் ஒரு மணி நேரம். அந்த நோட்டு இன்னும் அலமாரியில இருக்கு, பிள்ளையோட எடைக் குறிப்பு மாதிரி.

கரைக்காரன்:

எனக்குப் படகு இல்லை. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் யார்டில் என் வேலை வெல்டிங். எங்களிடம் ஒரு தம்பதி ஐந்து வருஷம் இருந்தார்கள், தண்ணியில் இல்லை, கரையில், இரும்புக் கால்களின் மேல். கரையில் நிற்கும் படகின் கழிவறையைப் பயன்படுத்த முடியாது என்பதைப் புதிதாக வருகிறவர்கள் யோசிப்பதே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மழையில் பன்னிரண்டு அடி ஏணி இறங்கி யார்டு கழிவறைக்கு வரவேண்டும். அந்த அம்மா ஐந்து வருஷம் இறங்கினார்.

அவருக்குக் கடலுக்குப் போகவேண்டும். கணவருக்குப் படகைச் சரிபண்ண வேண்டும். இரண்டும் ஒன்று என்று இருவருமே நினைத்திருந்தார்கள். கணவர் ஒரு மேல்மூடியை மூன்று முறை கழற்றி மூன்று முறை புதிதாகச் செய்ததை நான் பார்த்தேன். மூன்றாவது உண்மையிலேயே அழகாக இருந்தது. ஒரு நாள் அந்த அம்மா என்னிடம் வந்து, "தம்பி, இந்தப் படகு மிதக்கிற அளவுக்குச் சரியாக இன்னும் என்ன பாக்கி?" என்று கேட்டார். சுற்றிப் பார்த்து, ஒரு வால்வும் சுக்கான் தாங்கியும்தான் என்றேன். அவர் அதை ஒரு தாளில் எழுதிக் கணவர் கையில் கொடுத்தார். ஆறு வாரத்தில் இறக்கினார்கள். கிளம்பும்போது உள்ளே பாதிக்கு மேல் வெறும் பலகைதான்.

ஈரப்பலகை:

கரைக்காரரே, அந்த மேல்மூடிக் கதையை அவருக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். "நாம ரெண்டு தடவைதானே செஞ்சோம்"ங்கறார்.

நாங்க தண்ணியில இறங்கி எட்டு மாசம் ஆச்சு. அந்த வெள்ளைப் பலகையைத் திரும்ப மாட்டவே இல்ல. தலைக்கு மேல வெறும் ஃபைபர், போல்ட்டு முனையெல்லாம் தெரியும். போன வாரம் நல்ல மழை. ராத்திரி அவர் டார்ச் அடிச்சுக்கிட்டு ஒவ்வொரு முனையா விரலால தொட்டுப் பார்த்தார், நான் எண்ணினேன். மொத்தம் 46. 45 காய்ஞ்சு இருந்துச்சு. மிச்ச ஒண்ணுக்குக் கீழ டம்ளரை வச்சிட்டுத் தூங்கிட்டோம்.