அப்பா பேசிய கேசட்: கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் தூக்கிப் போடலாமா?

கொள்ளிடத்தான்: வீடு காலி பண்றோம். பரண்ல ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய கேசட். பாதி சினிமாப் பாட்டு. மீதி, அப்பா 1986-லேர்ந்து சவூதியில பேசிப் பதிஞ்சு, லீவுக்கு வர்றவங்க கையில கொடுத்து விட்டது. யூஎஸ்பி கேசட் ப்ளேயர் ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் எம்பி3 ஆக்கிட்டு, பெட்டியைப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடலாம்னு நான். கூடாதுன்னு அக்கா. நீங்க என்ன சொல்றீங்க?

ரிமோட்ராஜா: போடுங்க சார். கேசட்டை உருவாக்கின ஃபிலிப்ஸ் இன்ஜினியர் லூ ஓட்டன்ஸே சிடி சத்தம்தான் மேல்னு சொன்னவர். அவருக்கே இல்லாத பாசம் நமக்கு எதுக்கு?

டெக்மாமா: ராஜா, பாசமில்லப்பா, கணக்கு. ஓட்டன்ஸ் கோட்டுப் பையில அடங்குற மரக்கட்டை ஒண்ணைச் செதுக்கி, மெஷின் இந்த அளவுக்குள்ள இருக்கணும்னார். 1963-ல கேசட் பெர்லின் கண்காட்சிக்கு வந்தப்ப டேப் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓட்டம் நொடிக்கு 4.76 செண்டிமீட்டர். ஸ்டீரியோன்னா ஒரு டிராக்குக்கு 0.6 மில்லிமீட்டர்தான். டேப்பைத் தொட்டுச் சத்தத்தைப் படிக்கிற ஹெட் துளி சாய்ஞ்சாலும் பேச்சுல 'ச', 'ஷ' எல்லாம் மழுங்கிடும். பதிஞ்ச மெஷினோட சாய்வும் உங்க மெஷினோட சாய்வும் ஒண்ணாவா இருக்கும்? நல்ல கேசட் டெக்ல ஹெட் பக்கத்துல இருக்குற குட்டி ஸ்க்ரூவை, காதால கேட்டுக்கிட்டே மெதுவாத் திருப்பணும். மலிவு ப்ளேயர்ல ஸ்பீடே நிக்காது. அதுல ஏத்திட்டு ஒரிஜினலையும் போட்டுட்டா, மறுபடி எதிலேர்ந்து எடுப்பீங்க?

ரிமோட்ராஜா: கச்சேரியா மாமா அது? "பணம் வந்துச்சா, மாடு கன்னு போட்டுச்சா"ன்னு கேட்ட பேச்சு. புரிஞ்சாப் போதும். நல்ல டெக் தேடுறதுக்குள்ள பூஞ்சை தின்னுடும்.

டெக்மாமா: பூஞ்சை விஷயத்துல நீ சொல்றது சரி. வெள்ளையாப் பூத்த டேப்பை அப்படியே ஓட்டாதீங்க கொள்ளிடம், ஹெட்ல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். ஆனா சத்தத்தைச் சுருக்குற எம்பி3 எதுக்கு? சிடி தரத்துல, சுருக்காத வேவ் ஃபைலா எடுத்தாலும் 90 நிமிஷத்துக்கு ஒரு ஜிபி வராது.

வேப்பம்பூ: எங்க பாட்டி தாலாட்டைக் கடையில கொடுத்து மாத்தினோம். 'இரைச்சல் நீக்கி' தந்தாங்க. பாட்டு பளிச்சுன்னு இருக்கு. பின்னாடி அம்மா அம்மியில அரைச்ச சத்தத்தைக் காணோம். கேசட் கையில இருந்ததால மறுபடி எடுத்தோம். சுத்தம் பண்றதெல்லாம் நகல்லதான் பண்ணணும்.

ரிமோட்ராஜா: சரி, பேச்சுக் கேசட்டை வச்சுக்கட்டும். சினிமாப் பாட்டு? அதெல்லாம் ஃபோன்லயே கிடைக்குது. அதையாவது போடலாமா, கூடாதா?

டெக்மாமா: போடலாம், முதுகைப் பார்த்துட்டு. கம்பெனி கேசட்ல மேல ரெண்டு மூலையிலயும் சதுர ஓட்டை இருக்கும். மேல பதிய முடியாதபடி உடைச்ச காது அது. வெத்துக் கேசட் வாங்கக் காசில்லாதவங்க அதுல காகிதம் அடைச்சு, பாட்டு மேலயே பேசிப் பதிவாங்க.

ரிமோட்ராஜா: மாமா எதையும் தூக்கிப் போட விடமாட்டார். உங்க வீட்டுப் பரணை ஒரு தடவை பார்க்கணும்.

கொள்ளிடத்தான்: இப்பதான் இறக்கிப் பார்த்தேன். பாட்டுக் கேசட் மூணுல சிகரெட் அட்டை மடிச்சு அடைச்சிருக்கு. ஒண்ணுல டேப்பை ஹெட் மேல அழுத்துற பஞ்சு பேட் கழண்டு உள்ளே கிடக்கு. திருச்சி, தஞ்சாவூர் பக்கம் டெக் சர்வீஸ் பண்றவர் யாராவது தெரியுமா?