கம்யூனிட்டி காலேஜிலிருந்து யுனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபர் ஆவது பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். கலிஃபோர்னியாவில் ஒரு சின்னக் கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருஷப் படிப்பைக் குறைந்த செலவில் தரும் அரசுக் கல்லூரி) என் மகள் லிபரல் ஆர்ட்ஸ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ("அப்படின்னா படம் வரையறதாம்மா?" என்று ஊரிலிருந்து அப்பா வாராவாரம் கேட்கிறார். வரலாறு, தத்துவம், சமூகவியல், கொஞ்சம் கணக்கு என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.)

யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கிரெடிட் கணக்கு) 46 டாலர்தான், வீட்டுச் சாப்பாடு. அந்த வகையில் குறையே இல்லை. 60 யூனிட் முடித்து யூசி டேவிஸில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம்) மூன்றாம் வருஷத்தில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. டாக் (TAG, தகுதிகளை நிறைவு செய்தால் இடம் உறுதி என்கிற திட்டம்) விண்ணப்பத்தை செப்டம்பர் 30க்குள் போட்டாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அவள் மேஜருக்கு (முக்கியப் பாடத்துக்கு) வேண்டிய சமூகவியல் வகுப்பில் ஆறே பேர்தான் பதிந்தார்கள். தொடங்க நாலு நாள் இருக்கும்போது ரத்து என்று மின்னஞ்சல்! இப்போது இந்த செமஸ்டருக்குக் கையில் 9 யூனிட்தான். 12க்குக் கீழே போனால் முழுநேர மாணவி கிடையாது, உதவித்தொகையும் குறையும். கவுன்சிலரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

அதே பாடத்தை வேறு கம்யூனிட்டி காலேஜில் ஆன்லைனில் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? அந்த யூனிட்டையும் சேர்த்து உதவித்தொகை கணக்கிட்டார்களா? எந்தக் காலேஜ் பாடம் எந்த யுனிவர்சிட்டியில் செல்லும் என்று காட்டும் அஸிஸ்ட் (assist.org) தளத்தில் எந்தக் காலேஜின் பக்கத்தைப் பார்ப்பது, அவளுடையதா, பாடம் எடுக்கும் காலேஜா? ராத்திரி ஒரு மணி வரை இரண்டையும் திறந்துவைத்துப் பார்த்தோம், தலை சுற்றியதுதான் மிச்சம்.

"கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாத்திடுங்க" என்பவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அதை வீட்டிலேயே போதுமான அளவு பேசியாயிற்று.