பைபையில் நம்பை தடுமாறினால் குற்றம் யாருடையது?

வேகமானி:
துகள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் நிரல் ஒன்று. வெறும் பைதான் பட்டியல்களும் லூப்களும்தான். வழக்கமான பைதான் இன்டர்பிரட்டரான (நிரலை ஓட்டும் மென்பொருள்) சிபைதானில் ஊர்ந்தது, அதற்கு மாற்றான பைபையில் பறக்கிறது. சரி, பட்டியல்களுக்குப் பதில் எண் கணக்குக்கான நம்பை நூலகத்தின் அணிகளைப் போட்டால் இன்னும் வேகம் கிடைக்குமே என்று மாற்றினேன். இப்போது பைபையில் ஓட்டினால் சிபைதானை விடவும் மெதுவாக இருக்கிறது. லூப்புக்குள் ஒவ்வொரு உறுப்பாக எடுத்து, கூட்டி, திரும்ப வைக்கிறேன். போதாக்குறைக்கு, அணியின் அளவை மாற்றும் ரீசைஸை அழைத்த இடத்தில் "பைபையில் ரெஃப்செக் ட்ரூ என்றால் முடியாது" என்று பிழை வேறு (அணியை வேறு எதுவும் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் ரெஃப்செக்). வேகத்துக்குப் பேர்போன இரண்டைச் சேர்த்தால் ஏன் இந்தக் கதி?

சிநிரலன்:
நம்பை பெயருக்குத்தான் பைதான் நூலகம். அதன் உயிர் சி மொழியில், சிபைதானோடு சி நிரல்கள் பேசும் இடைமுகமான சி ஏபிஐ மேல் இருக்கிறது. 2006-இல் நம்பை 1.0 வந்தபோது பைபை 1.0 கூட வரவில்லை. பின்னால் வந்து "நானும் பைதான்தான்" என்று சொல்கிறவர்தானே ஒத்துப்போக வேண்டும்? குறை பைபையுடையது. சிபைதானுக்குத் திரும்புங்கள், விஷயம் முடிந்தது.

ஜிட்பிரியன்:
அவ்வளவு சீக்கிரம் முடியாது, ஐயா. அந்த ஏபிஐ பைதான் மொழியின் இலக்கணத்தில் எங்கும் இல்லை. சிபைதானின் உள்வீட்டை அப்படியே வெளியே காட்டுகிற கதவு அது. ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத முகவரி உண்டு, அதை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற ரெஃபரன்ஸ் எண்ணிக்கை உண்டு, அது பூஜ்யமானால் அந்த நொடியே பொருள் அழியும் என்று சி நிரல் நம்பி உட்கார்ந்திருக்கிறது. பைபையின் கார்பேஜ் கலெக்டர், அதாவது பயனற்ற பொருட்களை அகற்றும் பகுதி, பொருட்களை நினைவகத்தில் இடம் மாற்றும், எண்ணிக்கையே வைத்துக்கொள்ளாது. அதனால் சிபைஎக்ஸ்ட் என்ற அடுக்கு, சி பக்கம் போகும் பொருளுக்கெல்லாம் நகராத ஒரு போலி உருவம் செய்து, அசலோடு கட்டி வைக்கிறது. எல்லை தாண்டும் போதெல்லாம் அந்த வரியைக் கட்டியாக வேண்டும்.

வேகமானியின் லூப்பையே பாருங்கள். பட்டியலில் வெறும் தசம எண்கள் மட்டும் இருந்தால் பைபை அவற்றைப் பொருளாகக்கூட வைப்பதில்லை, எண்ணாகவே அடுக்கி வைக்கும். கூட்டல் நேராகப் பிராசசரின் ரெஜிஸ்டரில் நடந்துவிடும். நம்பை அணியில் ஓர் உறுப்பைத் தொட்டால் சி பக்கத்தில் ஃப்ளோட்64 பொருள் ஒன்று புதிதாகப் பிறக்கிறது. அதைக் கூட்டவும் மறுபடி சி பக்கம்தான் போக வேண்டும். ஓடும்போதே நிரலை இயந்திரக் குறியீடாக்கும் பைபையின் ஜிட்டால் சி நிரலுக்குள் எட்டிப்பார்க்க முடியாது. பிறகு எங்கிருந்து வேகம் வரும்?

சிநிரலன்:
விளக்கம் அருமை. ஆனால் நீங்களே என் கட்சியை நிரூபித்துவிட்டீர்கள்: மெதுவாக்குவது சிபைஎக்ஸ்ட், நம்பை இல்லை. பைபைக்காரர்கள் நம்பையை, பைபையே எழுதப்பட்ட ஆர்பைதான் மொழியில் புதிதாக எழுத நன்கொடை திரட்டினார்களே, நம்பைபை என்று, அது என்ன ஆயிற்று?

ஜிட்பிரியன்:
கைவிடப்பட்டது. ஒளிக்க ஒன்றுமில்லை. அணியை மட்டும் எழுதினால் நம்பையைச் சார்ந்த சைபை, பாண்டாஸ் நூலகங்கள் அதன் மேல் ஓடாது. அவை நம்பையின் சி அமைப்புகளுக்குள் நேராகக் கையை நுழைக்கின்றன. அதனால்தான் அசல் நம்பையையே ஓடவைக்கும் வழிக்குப் போனார்கள், 2017-இல் பைபை 5.9-இல் நம்பையும் பாண்டாஸும் ஓடின. "ஓடவே ஓடாது" என்று அதுவரை சொன்னவர்கள் அன்று "மெதுவாக ஓடுகிறது" என்று மாற்றிக்கொண்டார்கள்.

அணிக்கோவை:
இரண்டு பேரும் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். நம்பையில் அப்டேட்இஃப்காப்பி என்று ஒரு கொடி (ஃப்ளாக், அதாவது அமைப்புக் குறி) இருந்தது. சி நிரல் கேட்கும் வடிவத்தில் அணி இல்லாவிட்டால் தற்காலிக நகல் ஒன்று எடுத்து, வேலை முடிந்ததும் மதிப்புகளை மூல அணியில் திரும்ப எழுதும். "வேலை முடிந்தது" என்று அதற்கு எப்படித் தெரியும்? நகலின் எண்ணிக்கை பூஜ்யமாகி அது அழியும்போது. பைபையில் அந்த அழிவு எப்போது என்று யாருக்கும் தெரியாது. மூல அணி பழைய மதிப்போடு நிற்கும், பிழைச் செய்தியும் வராது. மெதுவாக ஓடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம், சத்தமில்லாமல் தப்பு விடை வந்தால்? நம்பை 1.14-இல் அதை ஒதுக்கி, ரைட்பேக்இஃப்காப்பி கொண்டுவந்தார்கள். இப்போது திரும்ப எழுதுவதை சி நிரல் வெளிப்படையாக அழைக்க வேண்டும். ஆக, நம்பையும் இறங்கி வந்திருக்கிறது.

சிநிரலன்:
இறங்கி வந்தது நம்பை, சுமந்தது நாங்கள். அந்தக் கொடியை வைத்து நீட்சி (பைதானோடு சேரும் சி நிரல்) எழுதிய ஒவ்வொருவரும் நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. நான் பராமரிக்கும் நீட்சியைப் பைபையில் ஓட்டுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்களுக்காக நான் ஏன் சோதிக்க வேண்டும், வீல் எனும் நிறுவல் பொதி கட்ட வேண்டும்? சி ஏபிஐக்கு மாற்றான எச்பை வந்து தீர்க்கும் என்று 2019-இலிருந்து கேட்கிறேன். பாயிண்டருக்குப் பதில் கைப்பிடி கொடுக்கும் நல்ல வடிவமைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நம்பையின் பிரதான கிளையில் அது சேரவில்லையே.

ஜிட்பிரியன்:
உங்கள் நேரம் உங்களுடையது, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் எண்ணிக்கையை நம்பாமல் நிரல் எழுதுவது பைபைக்கான சலுகை என்பதைத்தான் ஏற்கமாட்டேன். சிபைதான் 3.12-இல் சில பொருட்கள் அழியாதவை ஆயின, அவற்றின் எண்ணிக்கை மாறுவதே இல்லை. 3.13-இல் ஒரே நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓடவிடும் ஜிஐஎல் பூட்டு இல்லாத சோதனைப் பதிப்பு வந்தது, அதில் எண்ணும் முறையே வேறு. "எண்ணிக்கை 1 என்றால் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது" என்று எழுதிய சி நிரல்கள் இனி உங்கள் வீட்டுக்குள்ளேயே இடறும்.

வேகமானி:
சண்டை நடக்கட்டும். நான் என்ன செய்ய?

அணிக்கோவை:
லூப்பைக் கலைத்து மொத்த அணிக்கும் ஒரே செயலாக எழுத முடிந்தால் நம்பையும் சிபைதானும் போதும். பைபையிலும் பெரிய அணிகளில் அது நன்றாகவே ஓடும், எல்லையை ஒருமுறைதானே தாண்டுகிறது. துகள்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் லூப் தவிர்க்க முடியாது என்றால், பைபையில் பழைய பட்டியலுக்கே போங்கள். நம்பை வேறு எங்கோ தேவைப்பட்டால் லூப்புக்கு முன் அணியைப் பட்டியலாக்க ஒரு டுலிஸ்ட், முடிந்ததும் ஒருமுறை அணியாக்கம். சிபைதானிலேயே லூப் வேண்டுமானால் லூப்பை இயந்திரக் குறியீடாக்கும் நம்பா நூலகத்தைப் பாருங்கள்.

வேகமானி:
பட்டியலுக்கே போகிறேன். ரீசைஸ்? பிழைச் செய்தி இரண்டு வழி சொல்கிறது: நம்பையின் தனி ரீசைஸ் செயற்கூறு, இல்லாவிட்டால் ரெஃப்செக் ஃபால்ஸ்.

சிநிரலன்:
இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். அணியின் ரீசைஸ் கூடுதல் இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பும். தனிச் செயற்கூறோ இருக்கும் மதிப்புகளையே மறுபடி மறுபடி போட்டு நிரப்பும். உங்கள் நிரலில் இல்லாத துகள்கள் முளைத்துவிடும். ரெஃப்செக் ஃபால்ஸ் போட்டால், அதே நினைவகத்தைப் பார்க்கும் வேறொரு அணி இருக்கிறதா என்று யாரும் சோதிக்கமாட்டார்கள். வேண்டிய அளவில் பூஜ்ய அணி ஒன்றை உருவாக்கி, பழையதை முன்பகுதியில் நகலெடுங்கள். எந்த இன்டர்பிரட்டரிலும் ஓடும்.

ஜிட்பிரியன்:
இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.