கவர் லெட்டர் எழுதுவது வீண் வேலையா?

பேரேடு (திரியைத் தொடங்கியவர்)
எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது வருடம் அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்தேன். அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டேன். நான்கு வருடம் ஓடிவிட்டது. அம்மா இப்போது இல்லை. திரும்பவும் வேலை தேடுகிறேன்.

இரண்டு மாதத்தில் 41 இடங்களுக்கு விண்ணப்பித்தேன், ஒவ்வொன்றுக்கும் கவர் லெட்டரோடு. ஒரே ஒரு இடத்திலிருந்துதான் ஃபோன் வந்தது. இனியும் இதற்காக ராத்திரி கண்விழிக்க வேண்டுமா, இல்லை ரெஸ்யூமேயை மட்டும் அனுப்பினால் போதுமா? என் கடிதம் இப்படித் தொடங்கும்:

"தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் அக்கவுண்டன்ட் பணிக்கு விண்ணப்பிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். நான் கடின உழைப்பாளி. குழுவோடு இணைந்து பணியாற்றுபவள். புதியவற்றைக் கற்பதில் ஆர்வம் உள்ளவள்."

சல்லடை
ஆள் எடுக்கும் வேலையில் பதினொரு வருடம் இருக்கிறேன். வெளிப்படையாகச் சொல்கிறேன் சகோதரி, எழுதாதீர்கள். ஒரு வேலைக்கு நானூறு விண்ணப்பம் வந்து குவியும்போது முதல் சுற்றில் ரெஸ்யூமேதான் பேசும். சாஃப்ட்வேர் அதிலிருந்துதான் திறமைகளையும் வருடங்களையும் எடுத்துப் போடுகிறது. நான் லெட்டரைத் திறப்பது இரண்டு பேரில் யாரைக் கூப்பிடுவது என்று முடிவெடுக்க முடியாதபோது மட்டும். ராத்திரி கண்விழிக்கிற நேரத்தை ரெஸ்யூமேயின் முதல் பாதிப் பக்கத்துக்குக் கொடுங்கள்.

பழைய பேனா
சல்லடை சொன்னது பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும். எங்கள் பிரிவில் ஆறு பேர். நடுவில் எச்.ஆர். யாரும் இல்லை, விண்ணப்பங்கள் நேராக என் மெயிலுக்கு வருகின்றன. நான் எல்லாக் கடிதத்தையும் படிக்கிறேன், ரெஸ்யூமேக்கு முன்னாலேயே.

அப்புறம், "முடிவெடுக்க முடியாதபோது திறப்பேன்" என்று அவரே சொல்கிறார். பேரேடு அக்கா நிற்கும் இடமே அதுதானே? ஒன்பது வருட அனுபவத்தைப் பார்த்தால் கூப்பிடத் தோன்றும், நான்கு வருட வெற்றிடத்தைப் பார்த்தால் தயக்கம் வரும். அந்தத் தயக்கத்துக்குப் பதில் சொல்ல ரெஸ்யூமேயில் இடம் கிடையாது.

அக்கா, உங்கள் தொடக்கத்தில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாற்ற வேண்டியிருக்காது. 41 கடிதமும் இப்படியென்றால், நீங்கள் எழுதியது ஒரே கடிதம், அனுப்பியது 41 தடவை.

புதுவரவு
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஃப்ரெஷர். எழுத எனக்கு என்ன இருக்கிறது? அனுபவம் என்ற பகுதியே காலி.

சல்லடை
தம்பி, உங்களுக்கும் அதே பதில்தான். ஃப்ரெஷர் வேலைக்கு வரும் லெட்டர்கள் ஒரே அச்சில் வார்த்தவை. போதாததற்கு இப்போது எல்லோரும் ஏஐயிடம் கேட்டு வாங்கி ஒட்டுகிறார்கள். ஒரே நாளில் இருபது லெட்டர் "மிகுந்த உற்சாகத்துடன்" என்று தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். முந்தைய விண்ணப்பத்தின் நிறுவனப் பெயரை மாற்ற மறந்து அனுப்பியவர்களும் உண்டு. லெட்டரே இல்லாவிட்டால் அவர்களுக்கு அந்தச் சேதமாவது இருந்திருக்காது.

பழைய பேனா
மோசமாக எழுதுகிறார்கள் என்பது எழுதக் கூடாது என்பதற்குக் காரணமாகாது.

புதுவரவு, போன வருடம் நான் எடுத்த பையனுக்கும் அனுபவம் கிடையாது. அவன் கடிதத்தில் இருந்த ஒரு பத்தி இன்னும் நினைவிருக்கிறது. கல்லூரி நூலகத்தில் தாமதக் கட்டணத்தைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார்களாம். இவன் ஒரு எக்செல் தாள் போட்டுக் கொடுத்திருக்கிறான். முதல் வாரம் விடுமுறை நாட்களுக்கும் சேர்த்துக் கட்டணம் விழுந்து, மாணவர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். விடுமுறைப் பட்டியலைத் தனியாக இணைத்துச் சரிசெய்தான். ஐந்தே வரி. "பிரச்சினைகளைத் தீர்க்கும் திறன் உண்டு" என்று அவன் எங்குமே எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. இன்டர்வியூவில் நான் கேட்ட முதல் கேள்வியே அந்தத் தாளைப் பற்றித்தான்.

ஏஐயிடம் பிழை பார்க்கக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அந்த விடுமுறைப் பட்டியல் கதை அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

தடம்மாறி
பள்ளி ஆசிரியையாக இருந்து, ஆன்லைன் பாடங்கள் தயாரிக்கும் வேலைக்கு மாறியவள் நான். சல்லடை சார், துறை மாறுகிறவர்களுக்கு உங்கள் அறிவுரை பொருந்தாது. என் ரெஸ்யூமேயை உங்கள் சாஃப்ட்வேரிடம் கொடுத்தால் "ஆசிரியை" என்று வாசித்துவிட்டு ஓரமாக வைத்துவிடும்.

நான் முதலில் செய்த தப்பையும் சொல்கிறேன். எல்லாக் கடிதத்தையும் "இந்தத் துறையில் எனக்கு நேரடி அனுபவம் இல்லாவிட்டாலும்" என்று தொடங்கினேன். வாசலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த வரியை எடுத்துவிட்டு, "பின்னங்களைக் கூட்டும்போது பிள்ளைகள் மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டிவிடுவார்கள். அந்தத் தவறு எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும், அதை உடைக்கும் மூன்று பயிற்சிகளை இணைத்திருக்கிறேன்" என்று எழுதினேன். வேலை கொடுப்பவருக்கு வேண்டியது அதுதான். என் பழைய அனுபவத்தை அவர்கள் பாஷையில் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கடிதம்.

நூலடுக்கு
பல்கலைக்கழகப் பணிகளுக்குக் கணக்கே வேறு. அங்கே கடிதம் இரண்டு பக்கம்கூடப் போகலாம். ஆய்வு, கற்பித்தல், அந்தத் துறைக்கு நீங்கள் ஏன் என்று தேர்வுக் குழு அதில்தான் தேடும். மற்ற வேலைகளுக்கு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

பழைய பேனா
தடம்மாறி சொன்னதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. லியோனார்டோ டா வின்சி 1482 வாக்கில், முப்பது வயதில், மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். ஓவியர் அல்லவா, ஓவியத்தில்தானே தொடங்கியிருக்க வேண்டும்? இல்லை. தூக்கிச் செல்லக்கூடிய லேசான பாலங்கள், முற்றுகையின்போது அகழித் தண்ணீரை வெளியேற்றும் வழி, பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று வரிசையாகப் போகிறது. கட்டடக் கலையும் சிற்பமும் ஓவியமும் கடைசியில்தான். போர் அச்சத்தில் இருந்த ஒரு ஆட்சியாளருக்கு எது முதலில் வேண்டும் என்று யோசித்து அடுக்கியிருக்கிறார். சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டுகிறேன் என்று முடிக்கிறார்.

சல்லடை
நல்ல உதாரணம், ஆனால் என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அவர் எழுதியது ஒரே ஒருவருக்கு. ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கும் போர்ட்டலில் நானூறு பேரோடு வரிசையில் நிற்கவில்லை. விளம்பரமே வராத இடத்துக்கு நீங்களாக எழுதினால் லெட்டர்தான் விண்ணப்பம், அதை மறுக்க மாட்டேன். தெரிந்தவர் ரெஃபரல் கொடுத்தாலும் அப்படித்தான், அவர் பெயர் முதல் வரியிலேயே இருக்கட்டும். அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போடுங்கள், கேட்காமல் போட்டவர்களால் இரண்டு முறை எனக்குச் சங்கடம் வந்திருக்கிறது. போர்ட்டலில் "விருப்பமிருந்தால் இணைக்கவும்" என்று இருக்கும் கட்டத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். பேரேடு சகோதரி அனுப்பிய 41-இல் எத்தனை போர்ட்டல் வழியாகப் போனவை?

பேரேடு
36.

சல்லடை
பார்த்தீர்களா. அந்த 36 ராத்திரியைத்தான் சொல்கிறேன். இடைவெளிக்கு ரெஸ்யூமேயிலேயே ஒரு வரி போதும்: "குடும்பப் பராமரிப்பு", பக்கத்தில் வருடங்கள். ஓட்டை மாதிரித் தெரியாது. லெட்டரில் விளக்க ஆரம்பித்தால் ஒரு வரி நான்கு வரியாகும். படிக்கிறவர் வேலையை மறந்து வீட்டு நிலைமையை யோசிப்பார்.

தடம்மாறி
இதில் நான் சார் பக்கம். நோயின் பெயர், ஆஸ்பத்திரி விவரம் எதுவும் வேண்டாம். இரக்கம் வரும், வேலை வராது.

பழைய பேனா
நான் இருவரோடும் மாறுபடுகிறேன். ஒரு வரியை ரெஸ்யூமேயில் போடுங்கள், சரி. ஆனால் என்னைப் போன்றவனுக்கு அதற்கு அடுத்த கேள்விதான் பெரிது: இப்போது முழு நேரம் வர முடியுமா, கை விட்டுப்போயிருக்கிறதா? முதலாவதற்கு "அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது" என்ற மூன்று சொல் போதும். இரண்டாவதற்கு ஏதாவது காட்ட வேண்டும். அக்கா, இந்த நான்கு வருடத்தில் யாருக்காவது கணக்கு எழுதினீர்களா?

பேரேடு
கடந்த மூன்று மாதமாக ஒரு சின்ன அச்சகத்துக்கு எழுதுகிறேன். தெரிந்தவர்கள் என்பதால் பணம் வாங்கவில்லை. அதையெல்லாம் எழுதலாமா என்று கூச்சமாக இருந்தது.

பழைய பேனா
முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பணம் வாங்காவிட்டாலும் கணக்கு கணக்குதான்.

பேரேடு
நேற்று இரவு உட்கார்ந்து ஒன்றே ஒன்று எழுதினேன். போர்ட்டல் இல்லை, மேலாளரின் மெயில் முகவரி விளம்பரத்திலேயே இருந்தது.

"மூன்று கிளைகளின் மாத இறுதிக் கணக்கை ஒன்றாக முடிக்க ஆள் தேவை என்று உங்கள் விளம்பரத்தில் பார்த்தேன். முந்தைய நிறுவனத்தில் இரண்டு கிளைகளின் கணக்கை நான் பார்த்துக்கொண்டேன். பேங்க் ரீகன்சிலியேஷனை மாதக் கடைசிக்குத் தள்ளாமல் வாராவாரம் முடித்து, 12 நாள் இழுத்த வேலையை 5 நாளுக்குக் குறைக்க முயன்றேன். குடும்பப் பராமரிப்புக்காக நான்கு வருடம் விலகியிருந்தேன். அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது. மூன்று மாதமாக ஓர் அச்சகத்தின் முழுக் கணக்கையும் எழுதிவருகிறேன்."

சல்லடை
இதை நான் திறந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன். போர்ட்டல் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை, அந்த 36-க்கு இப்படி உட்காராதீர்கள். ஒன்று கேட்கிறேன்: 5 நாளுக்குக் குறைக்க முயன்றீர்களா, குறைத்தீர்களா?

பேரேடு
குறைத்தேன். நான் விலகும்வரை 5 நாளில்தான் முடிந்தது.

சல்லடை
அப்படியானால் "முயன்றேன்" வேண்டாம்.

பேரேடு
மாற்றிவிட்டேன். மெயில் போய்விட்டது.